நான்கு சென்சார், ஒரே எர்த்: அணைத்தாலும் திரும்ப எரிந்த செக் லைட்

பின்னணி

வண்டி 2009 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி பெட்ரோல் இன்ஜெக்டர்). எங்களிடம் வந்தபோது 1,18,000 கி.மீ. ஓடியிருந்தது. உரிமையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், முதல் நாளிலிருந்தே அவர் கையில் இருக்கும் வண்டி. கடலூரில் தென்பெண்ணைக் கரையோரக் குடியிருப்பில் வீடு, கடலும் பக்கம்தான். எங்கள் பட்டறை மஞ்சக்குப்பத்தில்.

இந்தக் காரின் முக்கிய வேலை மாதம் இரண்டு முறை அவருடைய மனைவியைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போய் வருவது. போக ஏறத்தாழ 30 கி.மீ., வர அதே தூரம். சிகிச்சை முடிந்து திரும்பும்போது அந்த அம்மாவால் பஸ்ஸில் நிற்க முடியாது. வண்டி வழியில் நின்றுவிடுமோ என்ற பயம் அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரியது என்பதை முதல் தடவை வந்தபோது நான் சரியாக உணரவில்லை.

இன்னொரு பின்னணியும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதையடுத்துச் சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, டிசம்பர் முதல் வாரத்தில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. அவர் தெருவில் முன் பம்பர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறி ஒன்றரை நாள் நின்றது. வடிந்த பிறகு ஏர் ஃபில்டரும் ஆயிலும் மாற்றி ஓட்டினார்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை. “வண்டிக்கு ஒண்ணும் ஆகல” என்றுதான் எல்லோரும் முடிவு செய்தார்கள். அப்போது எங்களிடம் கேட்டிருந்தால் நாங்களும் அதையேதான் சொல்லியிருப்போம்.

எங்களிடம் வருவதற்கு முன்

2025 மார்ச்சில் முதல் தடவையாகச் செக் லைட் (டேஷ்போர்டில் எஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு) எரிந்தது. ஐடிலிங் ஏறி இறங்கியது, ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடியது. ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டார்கள். இசியூ, அதாவது எஞ்சினை நடத்தும் கணினி, பதிந்து வைக்கும் ‘கோடு’ (code) என்னும் கோளாறு எண்களைப் படிக்கும் கருவி அது. பி0118: கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார், சிக்னல் வோல்டேஜ் அதிகம். சென்சாரை மாற்றி, பேட்டரி வயரைக் கழற்றிப் போட்டு அந்தக் கோடு எண்ணை அழித்து அனுப்பினார்கள். மூன்று வாரம் எந்தத் தொந்தரவும் இல்லை.

ஏப்ரல் கடைசியில் மறுபடி லைட். இந்தத் தடவை வேறொரு பட்டறை. பி0123: த்ராட்டில் பொசிஷன் சென்சார் (எஞ்சினுக்குக் காற்று விடும் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது), வோல்டேஜ் அதிகம். அதையும் மாற்றினார்கள். ஒரு மாதம் தாங்கியது. மைலேஜ் 15-லிருந்து 11-க்கு இறங்கியிருந்தது. சைலன்சர் முனையில் விரலை வைத்தால் கரி ஒட்டியது.

அந்த இரண்டு பட்டறைகளையும் குறை சொல்வதற்கில்லை. மூன்றாவதாக நாங்களும் அதே வேலையைத்தான் செய்தோம்.

முதல் வருகை: நாங்கள் செய்த தவறு

ஜூன் இரண்டாம் வாரம் எங்களிடம் வந்தது. ஸ்கேனரில் இரண்டு கோடுகள் இருந்தன: பி0108, பி0123. முதலாவது மேனிஃபோல்டு பிரஷர் சென்சார் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் உள்ள அழுத்தத்தை அளப்பது), வோல்டேஜ் அதிகம். இரண்டாவது த்ராட்டில். த்ராட்டில் சென்சாரைப் போன மாதம்தான் மாற்றியிருக்கிறார்கள், ஆகவே அது அழிக்காமல் விட்ட பழைய கோடாக இருக்கும் என்று ஒதுக்கினோம். இந்த ஒரு முடிவில்தான் சறுக்கினோம். பழையதா புதியதா என்று தெரிய வேண்டுமானால் இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு, அழித்து, ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அன்று பட்டறையில் ஐந்து வண்டிகள் நின்றன. அது காரணம்தான், ஆனால் ஏற்கத்தக்க காரணம் இல்லை.

பிரஷர் சென்சாரை மாற்றினோம். இந்த வண்டியில் உறிஞ்சும் காற்றின் வெப்பத்தைச் சொல்லும் சென்சாரும் அதற்குள்ளேயே இருக்கிறது, நான்கு பின் கப்ளர் (வயரைச் செருகும் இணைப்பு). ஸ்பேர் 2,400 ரூபாய். லைட் அணைந்தது, ஐடிலிங் 800-இல் நின்றது. 12 கி.மீ. ஓட்டிப் பார்த்துத் திருப்தியோடு சாவியைக் கொடுத்தோம்.

ஒன்பதாம் நாள் காலை போன். அரியாங்குப்பம் தாண்டும்போது லைட் வந்திருக்கிறது, முருங்கப்பாக்கம் சிக்னலில் எஞ்சின் ஒரு தடவை அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, மாலை அழைத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்தார்கள். இப்போது கோடு பி0113: காற்று வெப்ப சென்சார், வோல்டேஜ் அதிகம். ஒன்பது நாள் முன்பு நாங்கள் புதிதாகப் போட்ட அதே பாகம்.

அம்மா சொன்னது

உரிமையாளர் சார் பேப்பர்களை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா இடப்பக்கச் சீட்டில் களைப்போடு உட்கார்ந்திருந்தவர், கண்ணாடியை இறக்கினார்.

“தம்பி, ஒண்ணு சொல்லட்டா? இந்த மஞ்ச லைட்டு வேகத்தடை ஏறி எறங்கினாதான் வருது. கன்னியக்கோயில்கிட்ட ரெண்டு தடவ பாத்துட்டேன். ரோடு நல்லா இருந்தா வரவே மாட்டேங்குது.”

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா.”

“என்ன யாரு தம்பி கேட்டாங்க?”

ஓட்டுபவரின் கண் ரோட்டில் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் அந்த லைட்டையே பயத்தோடு பார்த்துக்கொண்டு வருகிறார். மூன்று பட்டறைகளில் ஒருவரும் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. அவர் சொன்னது எங்களுக்கு முழுதாகத் திசை காட்டியது. சென்சார் கெட்டால் பெரும்பாலும் சூட்டிலோ நாள்படவோ கெடும். குலுங்கினால் வருகிற கோளாறு என்றால் முதலில் வயரிங்கைத்தான் பார்க்க வேண்டும்.

நான்கு கோடுகளையும் ஒரே தாளில் எழுதியபோது

அன்று எதையும் கழற்றவில்லை. சாருடைய பில்களிலிருந்தும் எங்கள் நோட்டிலிருந்தும் இதுவரை வந்த கோடுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினோம். பி0118, பி0123, பி0108, பி0113. கூலன்ட், த்ராட்டில், பிரஷர், காற்று வெப்பம். நான்கும் வேறு வேறு சென்சார். நான்கிலும் புகார் ஒன்றே: வோல்டேஜ் அதிகம்.

தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். த்ராட்டில், பிரஷர் சென்சார்களுக்கு இசியூவிலிருந்து 5 வோல்ட் போகிறது. ஒரு வயர் சிக்னலைத் திருப்பிக் கொண்டுவருகிறது, ஒரு வயர் எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. வெப்ப சென்சார்கள் எளிமையானவை: உள்ளே ஒரு தெர்மிஸ்டர் (சூடு ஏறினால் மின்தடை இறங்கும் பாகம்), இரண்டு வயர். இசியூ தன்னுள் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்டைத் தருகிறது, தெர்மிஸ்டர் அதை எர்த்துக்கு இழுத்து இறக்குகிறது. குளிர்ந்த எஞ்சினில் தெர்மிஸ்டர் ஏறத்தாழ 2 கிலோ ஓம் காட்டும், 80 டிகிரியில் 300 ஓமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சூடு ஏற ஏற வோல்டேஜ் இறங்கும்.

இதில் 5 வோல்ட் வயர் அறுந்தால் த்ராட்டிலும் பிரஷரும் கீழே விழும், ‘வோல்டேஜ் குறைவு’ என்று கோடு வரும். எர்த் அறுந்தால் இறக்குவதற்கு ஆள் இல்லை, எல்லாச் சிக்னலும் மேலே போகும். இந்த வண்டியில் நான்கு சென்சார்களுக்கும் எர்த் ஒன்றுதான். இசியூவிலிருந்து ஒரே கறுப்பு வயர் வந்து, வயரிங் கட்டுக்குள் ஓர் இடத்தில் கிளை பிரிந்து ஒவ்வொன்றுக்கும் போகிறது.

அப்படியானால் நான்கு கோடுகளும் ஏன் ஒரே நாளில் வரவில்லை? ஒவ்வொரு சுற்றையும் இசியூ தனித்தனி நிபந்தனையில்தான் சோதிக்கிறது. கோளாறு எவ்வளவு நேரம் நீடித்தால் பதிவு செய்வது என்பதும் சுற்றுக்குச் சுற்று மாறும். வேகத்தடையில் எர்த் கண நேரம் விட்டுப் பிடிக்கும்போது எந்தச் சோதனை ஓடிக்கொண்டிருக்கிறதோ அது மாட்டிக்கொள்ளும். ஜூனில் எங்களுக்கு இரண்டு கோடுகள் சேர்ந்தே கிடைத்தன. அதில் ஒன்றைப் பழையது என்று நாங்களே தள்ளிவிட்டோம்.

அளந்து பார்த்தது

மறுநாள் காலை எஞ்சினைச் சூடேற்றி ஐடிலிங்கில் விட்டு, வயரிங் கட்டைக் கையால் லேசாக அசைத்துக்கொண்டே ஸ்கேனரில் லைவ் டேட்டாவை (சென்சார்கள் அந்த நொடியில் காட்டும் அளவுகளை) பார்த்தோம். பேட்டரி தட்டுக்குப் பக்கம் கை போனதும் எண்கள் மாறின. த்ராட்டில் 0.50 வோல்டிலிருந்து 0.90. பிரஷர் 1.1-லிருந்து 1.5. கூலன்ட் வெப்பம் 85 டிகிரியிலிருந்து 61-க்கு இறங்கியது. தெர்மோஸ்டாட் மூடியில் இன்ஃப்ராரெட் மீட்டரை வைத்தால் 86 காட்டியது. சூட்டில் மாற்றமே இல்லை.

த்ராட்டிலும் பிரஷரும் ஒரே அளவு ஏறியிருந்தன, சுமார் 0.4 வோல்ட். இரண்டு சென்சார் ஒரே நொடியில் ஒரே அளவு கெடாது. சார் மூன்று மாதம் பட்ட கஷ்டம் முழுவதும் இதில் விளங்கிவிட்டது. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து இசியூ பெட்ரோலைக் கூட்டுகிறது. த்ராட்டில் மூடியிருப்பது தெரியாததால் ஐடிலிங்கைப் பிடித்து வைப்பதை விட்டுவிடுகிறது. கோடு பதியும் அளவுக்கு எர்த் விடாத நாட்களிலும் கரியும் மைலேஜ் இழப்பும் ஓசையில்லாமல் நடந்துகொண்டே இருந்திருக்கின்றன.

அடுத்து எர்த்தை நேராக அளந்தோம். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். சிவப்பு முனையை த்ராட்டில் கப்ளரின் பின்பக்கத்திலிருந்து எர்த் பின்னில் மெல்லிய குண்டூசியால் தொட்டோம். சும்மா நிற்கும்போது 0.04 வோல்ட், அது சரியான அளவு. வயரிங் கட்டை அசைத்தால் 0.43. இன்னும் கொஞ்சம் வளைத்தால் 1.7 வரை போய் எஞ்சின் தடுமாறியது. அதே சோதனையை இசியூ கப்ளரில் செய்தால் எவ்வளவு அசைத்தாலும் 0.02-ஐத் தாண்டவில்லை. இசியூ நலம், இசியூவின் எர்த்தும் நலம். கோளாறு இசியூவுக்கும் சென்சார் கப்ளருக்கும் நடுவே உள்ள வயரில்.

முந்தைய பட்டறை ஒன்றில் இந்த எர்த்தை ஓம் மீட்டரில் பார்த்து ‘0.6 ஓம், ஓகே’ என்று பில்லிலேயே எழுதியிருந்தார்கள். வண்டியை அணைத்து, வயர் அசையாமல் கிடக்கும்போது பார்த்திருப்பார்கள். அப்போது அது ஓகேதான்.

பேட்டரிக்குக் கீழே

பேட்டரியையும் தட்டையும் எடுத்தோம். அடியில் சேஸிஸ் ஓரமாக ஒரு கிளாம்ப், வயரிங் கட்டு அங்கே கீழ்நோக்கி வளைந்து திரும்புகிறது. துணி டேப்பின் மேல் வெள்ள வண்டல் மெல்லிய சாம்பல் கோடாகக் காய்ந்திருந்தது. தண்ணீர் நின்ற மட்டம் அது.

டேப்பைப் பிரித்தோம். வயர்களின் மேல்தோல் ஒன்றும் வெடிக்கவில்லை, பார்வைக்கு எல்லாம் நன்றாகவே இருந்தன. விரலால் ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தபோது கறுப்பு வயர் மட்டும் ஓர் இடத்தில் நனைந்த நூல் மாதிரித் துவண்டது. உள்ளே செம்பு இருந்தால் அப்படித் துவளாது. பிளேடால் தோலைக் கீறித் திறந்தோம். செம்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சையும் கறுப்புமாகப் பொடி உதிர்ந்தது. லென்ஸ் வைத்து எண்ணினால் முழுதாக மிஞ்சியிருந்தவை மூன்று இழை. மற்றவற்றின் முனைகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றன. வேகத்தடையில் விட்டதும், பட்டறையில் கை பட்டதும் சேர்ந்துகொண்டதும் இவைதான். சென்சார் மாற்றும் ஒவ்வொரு தடவையும் யாரோ கப்ளரை இழுத்திருக்கிறார்கள், கட்டு அசைந்திருக்கிறது, முனைகள் சில வாரத்துக்கு ஒட்டியிருக்கின்றன. புதிய சென்சாரால் சரியானது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

பச்சைக் களிம்பு அந்த இடத்தோடு நிற்கவில்லை. தோலுக்குள்ளேயே இரு பக்கமும் 10 செ.மீ.க்கு மேல் ஏறியிருந்தது.

யார் குத்திய துளை

தோல் நன்றாக இருக்கும்போது தண்ணீர் எப்படி உள்ளே போனது? வெட்டிய துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உருட்டியபோது தெரிந்தது. வரிசையாக மூன்று ஊசித் துளைகள். டெஸ்ட் லாம்ப்பின் ஊசியால் குத்திய துளைகள்.

எந்த வயரில் கரன்ட் வருகிறது, எதில் எர்த் இருக்கிறது என்று பார்க்க வயரைக் குத்திப் பார்ப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. நான் கற்றுக்கொண்டதும் அப்படித்தான். துளை தன்னால் மூடிக்கொள்ளும் என்பார்கள். உள்நாட்டு ஊர்களில் பல வருஷம் ஒன்றும் ஆகாமல் போகலாம். கடல் காற்றில் பேட்டரி டெர்மினலில் மூன்று மாதத்தில் களிம்பு பூக்கிற கடலூரில், அந்தத் துளை ஒன்றரை நாள் வெள்ளத்தில் மூழ்கினால், தண்ணீர் இழைகளின் இடுக்கு வழியே திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறிவிடுகிறது. ஏறியது வெளியே வர வழியில்லை.

பழைய நோட்டைப் புரட்டினேன். 2023 ஜூலையில் இதே வண்டி ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை என்று எங்களிடம் வந்திருக்கிறது. ஃபேன் வயரும் அந்தக் கட்டு வழியாகத்தான் போகிறது. அன்று எங்கள் கையில் இருந்ததும் அந்த ஊசி லாம்ப்தான். மூன்று துளைகளில் எங்களுடையது எது என்று சொல்ல முடியாது. ஒன்றாவது எங்களுடையதாக இருக்கும் என்றுதான் எண்ணுகிறேன். சாரிடம் அப்படியே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க தப்புன்னு தெரிஞ்சுதுல்ல, இனிமே சரியா செய்யுங்க” என்றார். ஆசிரியராக இருந்தவர்.

பழுது நீக்கமும் கணக்கும்

செம்பு பளிச்சென்று தெரியும் வரை இரு பக்கமும் வெட்டி, அதே கனத்தில் 30 செ.மீ. புது வயர் சேர்த்தோம். ஈயம் வைக்கவில்லை. ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்திலேயே ஒடிய வாய்ப்பு உண்டு. ஆகவே கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் இரு முனைகளையும் வைத்து அழுத்தி), உள்ளே பசை உள்ள சுருங்கும் ஸ்லீவ் போட்டோம். கட்டிலிருந்த மற்ற வயர்களையும் ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தோம். இன்னும் இரண்டில் துளை இருந்தது, செம்பு கெடவில்லை. அவற்றுக்கும் ஸ்லீவ். தண்ணீர் தேங்காதபடி கிளாம்ப்பை நான்கு விரல் மேலே ஏற்றினோம். ஸ்பார்க் பிளக் நான்கும் கரி படிந்து கறுத்திருந்ததால் மாற்றினோம்.

பிறகு, நாங்கள் போட்ட புதிய பிரஷர் சென்சாரை எடுத்துவிட்டுப் பழையதையே மாட்டினோம். வண்டி அப்படியே நன்றாக ஓடியது. பழைய த்ராட்டில் சென்சார் டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடந்தது, அதையும் மீட்டரில் பார்த்தோம், தொடக்கம் முதல் முடிவு வரை தடங்கலில்லாமல் ஏறியது. கழற்றியவற்றில் எங்கள் கைக்குக் கிடைத்த இரண்டுமே நல்லவை. கூலன்ட் சென்சார் குப்பைக்குப் போய்விட்டது.

வயர், ஸ்லீவ் செலவு 150 ரூபாய்க்குள். ஐந்து மணி நேர வேலை. பிரஷர் சென்சாருக்கு வாங்கிய 2,400 ரூபாயையும் அதற்கான கூலியையும் திருப்பிக் கொடுத்தோம். பிளக்குக்கு மட்டும் பணம் வாங்கினோம்.

பிறகு

முதல் ஒரு மாதம் ஒவ்வொரு ஜிப்மர் பயணத்துக்கு முன்பும் வண்டியைக் கொண்டுவரச் சொல்லி ஸ்கேனரில் பார்த்தோம். கோடு இல்லை. ஆக்சிஜன் சென்சாரின் (புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளப்பது) அளவு மட்டும் முதலில் மந்தமாகவே ஏறி இறங்கியது. பல மாதம் பெட்ரோல் கூடி எரிந்த கரி அதில் படிந்திருக்கும். அதை மாற்றச் சொல்லி ஸ்பேர் கடை நண்பர் சொன்னார். பொறுத்துப் பார்ப்போம் என்று விட்டோம். ஒரு மாத ஓட்டத்தில் அது தானே சுறுசுறுப்பானது. மைலேஜ் 15-க்குத் திரும்பியது.

உண்மையான சோதனை ஐப்பசி, கார்த்திகை மழைதான். தெருவில் கணுக்கால் தண்ணீரில் இரண்டு நாள் நின்றும் லைட் வரவில்லை. டிசம்பரில் ஒருநாள் அந்த அம்மாவே போன் செய்தார். லைட் வருகிறதா என்று இப்போதெல்லாம் பார்ப்பதே இல்லை, போகும்போது தூங்கிவிடுகிறேன் என்றார்.

பட்டறையில் மாற்றியவை

ஊசி லாம்ப்பை எடுத்துவிட்டோம். கப்ளரின் பின்பக்கமாகத் தொடும் மெல்லிய பின்கள் வாங்கியிருக்கிறோம். வேறு வழியே இல்லாமல் வயரைத் திறக்க நேர்ந்தால், திறந்தவரே அந்த இடத்தில் ஸ்லீவ் போட்டு நோட்டில் இடத்தைக் குறிக்க வேண்டும். அழிப்பதற்கு முன் எல்லாக் கோடுகளையும், ஃப்ரீஸ் ஃப்ரேம் (கோடு பதிந்த நொடியில் இசியூ சேமித்த அளவுகள்) இருந்தால் அதையும், எழுதியாக வேண்டும். பழைய பில்களையும் கேட்டு வாங்குகிறோம். ஒரு வண்டிக்கு இரண்டாவது சென்சார் போடுவதற்கு முன் எர்த்தையும் 5 வோல்டையும் எஞ்சின் ஓடும்போது, கட்டை அசைத்து அளக்காமல் ஸ்பேர் கடைக்குப் போவதில்லை. வண்டியோடு வருகிறவர்களிடம், ஓட்டாதவர்களிடமும், எப்போது எங்கே வந்தது என்று கேட்கிறோம்.

2024 வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கு பேட்டரி தட்டைத் தூக்கிக் கீழே பார்ப்பதை சர்வீஸோடு சேர்த்துவிட்டோம். இதுவரை பார்த்தவற்றில் இன்னும் இரண்டு வண்டிகளில் பச்சை இருந்தது. ஒன்றில் ஹெட்லைட் வயர், ஒன்றில் ஃபேன் வயர். இரண்டிலும் துளை இருந்தது.

சாருடைய வண்டியில் வலப்பக்க ஹெட்லைட்டுக்குப் போகும் கட்டை இன்னும் பிரிக்கவில்லை. அதுவும் அதே மட்டத்தில்தான் தண்ணீரில் நின்றது. பொங்கல் கழிந்து, ஜிப்மர் தேதி இல்லாத ஒரு வாரத்தில் வண்டியை விடச் சொல்லியிருக்கிறேன்.